வலி தண்டனையா? ஆண்குறி உள்வைப்பு அறுவைக்குப் பின் எழும் கேள்விகள்

மாத்திரையாலும் ஊசியாலும் விறைப்பு திரும்பாத ஆணுக்கு மருத்துவம் கடைசியாகக் காட்டும் வழி ஆண்குறி உள்வைப்பு. விறைப்பின்போது இரத்தம் நிரம்பும் இரண்டு பஞ்சுத்திசு அறைகளுக்குள் இரண்டு உருளைகளைப் பொருத்துவதே இந்த அறுவை. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பிராண்ட்லி ஸ்காட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1973இல் அறிமுகப்படுத்திய, நீர் நிரம்பும் கருவிதான் இன்றைய மூன்று பாகக் கருவிகளுக்கு முன்னோடி. அதில் உருளைகளோடு விதைப்பைக்குள் ஒரு சிறு பம்பும், அடிவயிற்றில் உப்புநீர் தங்கும் ஒரு பையும் இருக்கும். பம்பை அமுக்கினால் நீர் உருளைகளுக்கு ஏறும். பம்பிலுள்ள விடுவிப்புப் பொத்தானை அழுத்தினால் நீர் பைக்குத் திரும்பும். நிமிர்த்தவும் மடக்கவும் கூடிய தண்டு வகையும் உண்டு. மும்பை மருத்துவர் ரூபின் ஷா வடிவமைத்த அத்தகைய கருவி விலை குறைவானது என்பதால் இந்தியாவில் பலருக்கு அதுவே எட்டுகிறது.

இந்த அறுவைக்கு வருபவர்களில் பலர் நெடுங்காலச் சர்க்கரை நோயாளிகள், புராஸ்டேட் புற்றுநோய்க்காக அந்தச் சுரப்பியை அகற்றிக்கொண்டவர்கள், தண்டுவடத்தில் அடிபட்டவர்கள், பெய்ரோனி நோயால் குறி வளைந்து போனவர்கள். அறுவை நன்றாக முடிந்து, தையல் ஆறி, கருவியும் வேலை செய்கிறது. ஆனாலும் சிலருக்கு வலியோ உறுத்தலோ விட்டுப்போவதில்லை. அப்போது மருத்துவரிடம் கேட்கக் கூசும் ஒரு கேள்வி உள்ளே எழுகிறது. உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, இன்பத்துக்காகத் தானே தேடிப் போய் உடலைக் கீறிக்கொண்டவனுக்கு அந்த வலியைப் பற்றி முறையிட உரிமை உண்டா? இந்த வயதில் இது தேவையா என்று ஊர் கேட்கக்கூடியதை அவர் தமக்குத் தாமே கேட்டுக்கொள்கிறார். வலி அவருக்கு ஒரு தீர்ப்பாகத் தெரியத் தொடங்குகிறது.

அந்தத் தீர்ப்பை ஆராயுமுன் உடலில் நடப்பது என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் கடினமானவை. விதைப்பை வீங்கிக் கன்றிப்போகும். உட்காரவும் உள்ளாடை அணியவும் சிரமமாக இருக்கும். பெரும்பாலோருக்கு நான்கு முதல் ஆறு வாரங்களில் வலி வெகுவாக அடங்கிவிடும். ஏறக்குறைய அந்தக் கட்டத்தில்தான் பம்பை இயக்கக் கற்றுத் தருவார்கள். தொடக்கத்தில் உருளைகள் நிரம்பும்போதும் வலிக்கும். சிலருக்கு இரண்டு மூன்று மாதங்கள் வரை உறுத்தல் நீளும். சர்க்கரை நோயால் நரம்புகள் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு அதற்கு மேலும் நீளக்கூடும். உட்காரும்போது பம்ப் அழுந்துவது, நுனியில் ஏதோ முட்டுவது போன்ற உணர்வு, காரணமில்லாத எரிச்சல், குறி முன்பைவிடச் சிறுத்துவிட்டதோ என்ற கவலை என்று அது பல வடிவங்களில் வரும். தொடு உணர்வும் உச்சமும் வேறு நரம்புகளின் வழி செல்வதால் அவை பெரும்பாலும் கெடுவதில்லை. ஆனால் உருளைகளுக்கு இடம் செய்யும்போது அங்குள்ள திசு சிதைவதால், பின்னால் கருவியை எடுத்துவிட்டாலும் இயற்கையான விறைப்பு திரும்புவது அரிது. மீளமுடியாத ஒரு வாசலைக் கடந்துவிட்டோம் என்ற இந்த அறிவுதான் சிறு வலியையும் பெரிதாக்குகிறது.

எல்லா வலியும் ஒன்றல்ல. நாளுக்கு நாள் குறைந்துவரும் வலி ஆறும் உடலின் வலி. குறைந்த வலி மறுபடி ஏறுவது, தோல் சிவந்து சுடுவது, சீழ் கசிவது, காய்ச்சல், பம்ப் தோலோடு ஒட்டி நகராமல் போவது ஆகியவை கிருமித் தொற்றைக் காட்டலாம். சில கிருமிகள் கருவியின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, காய்ச்சலும் சீழும் இன்றி, மாதக்கணக்கில் வெறும் வலியாக மட்டுமே தங்களைக் காட்டிக்கொள்ளும். உருளை அளவில் சற்று நீண்டிருந்தாலும், நுனித் தோலை அரிக்கத் தொடங்கியிருந்தாலும் வலி தொடரும். ஆகவே தொடரும் வலி, எல்லாவற்றுக்கும் முன்பாக, மருத்துவருக்குச் சேரவேண்டிய ஒரு செய்தி. அதைத் தண்டனையாக எடுத்துக்கொண்டு வாய் மூடியிருப்பவர் அந்தச் செய்தியை உரியவரிடம் சேர்க்காமல் மடக்கிவிடுகிறார். ஒரு தத்துவத் தவறு இங்கே உடலையே பழுதாக்கக்கூடிய தவறாகிறது. இந்தக் கேள்வியைப் பொறுமையாக ஆராய இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

இன்பத்தை நாடியது குற்றமா என்பது முதல் கேள்வி. இந்திய மரபின் விடை தயக்கமில்லாதது. அறம், பொருள், இன்பம், வீடு என்ற நான்கில் இன்பத்துக்கும் இடம் உண்டு. திருக்குறளின் 1330 குறள்களில் 250 காமத்துப்பாலுக்கு உரியவை. ஆயுர்வேதத்தின் எட்டு அங்கங்களில் ஒன்று வாஜீகரணம். ஆணின் வீரியம் குன்றும்போது அதை மீட்பதே அதன் வேலை. சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதியில், உடலைப் புதுப்பிக்கும் ரசாயன சிகிச்சையை அடுத்து இரண்டாவதாகவே அது இடம் பெறுகிறது. அன்றைய மருத்துவர் வெட்கப்படாத ஒன்றுக்கு இன்றைய நோயாளி வெட்கப்படுகிறார்.

பிற சமயங்களின் சட்டங்களும் இதை அற்பமாக நினைக்கவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1084ஆம் விதி, திருமணத்துக்கு முன்பே இருந்த நிரந்தரமான உடலுறவு இயலாமை அந்தத் திருமணத்தைச் செல்லாததாக்கும் என்கிறது. மலட்டுத்தன்மைக்கு அந்த விளைவு இல்லை. ஆபத்தின்றித் தீர்க்கக்கூடியதை நிரந்தரம் என்று சட்ட அறிஞர்கள் கொள்வதில்லை. இஸ்லாமியச் சட்ட மரபில், இயலாத கணவனைப் பற்றி மனைவி முறையிட்டால் அவனுக்கு ஓராண்டு அவகாசம் தரவேண்டும் என்ற விதி உண்டு. இரண்டு சட்டங்களும் இதைத் தனி ஒருவனின் ஆசையாகப் பார்க்காமல் மண உறவைத் தாங்கும் ஒன்றாகப் பார்க்கின்றன.

ஆசைக்கு எதிரான வலுவான சான்றாக யயாதியின் கதையைச் சொல்வார்கள். மகாபாரதத்தின் ஆதி பருவத்தில், சுக்கிராச்சாரியாரின் சாபத்தால் அகால மூப்படைந்த யயாதி தன் மகன் பூருவிடமிருந்து இளமையை வாங்கிக்கொண்டு ஆயிரம் ஆண்டு இன்பம் துய்க்கிறான். துய்ப்பதால் ஆசை அடங்குவதில்லை என்று இறுதியில் கண்டு இளமையைத் திருப்பித் தருகிறான். முதுமையில் அறுவைக்குப் போனவரை இந்தக் கதை சுடும். ஆனால் யயாதி தன் மூப்பை மகன்மேல் ஏற்றினான். அவன் இன்பத்துக்கு விலை கொடுத்தவன் வேறொருவன். அறுவை செய்துகொண்டவர் யாருடைய இளமையையும் எடுக்கவில்லை. தம் உடலைத்தான் கத்திக்குக் கொடுத்தார், வலியையும் தாமே ஏற்றார். இந்த வேறுபாட்டை விட்டுவிட்டுக் கதையைச் சொல்வது கதைக்கும் நியாயமாகாது. ஆசை ஒருநாளும் நிறையாது என்ற எச்சரிக்கை அவருக்கும் பொருந்தும்தான். கருவி விறைப்பைத் தரும். இளமையையோ பழைய காதலையோ அது தராது. அவற்றையும் அதனிடம் எதிர்பார்த்தவருக்கு வலியைவிட ஏமாற்றமே அதிகம் நோகும்.

வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் இன்னும் நெருக்கமான ஒரு கதை இருக்கிறது. அகலிகையிடம் தவறிய இந்திரன் அவள் கணவர் கௌதமரின் சாபத்தால் விதைகளை இழக்கிறான். தேவர்கள் முறையிட, பித்ருக்கள் ஓர் ஆட்டுக்கடாவின் விதைகளை எடுத்து அவனுக்குப் பொருத்துகிறார்கள். கம்பர் இந்தச் செய்தியை ஏற்காமல், உடலெங்கும் தோன்றிய ஆயிரம் பெண்குறிகள் கண்களாக மாறிய வடிவத்தைப் பாடினார். அதனால் தமிழர் பலருக்கு வால்மீகியின் வடிவம் தெரியாது. அதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இந்திரனுக்கு வந்தது ஐயமற்ற தண்டனை. அவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் மாறுபாடு இல்லை. அப்படியிருந்தும் அனுபவி என்று அவனை யாரும் கைவிடவில்லை, உறுப்பு மீட்கப்பட்டது. தண்டனை உறுதியான இடத்திலேயே சிகிச்சை மறுக்கப்படவில்லை என்றால், சர்க்கரை நோயால் நரம்பு கெட்ட ஒருவருக்கு எந்த நியாயத்தில் மறுப்பது?

கிறிஸ்தவ மரபில் இந்த உறுப்பைப் பற்றி ஆழமாகச் சிந்தித்தவர் புனித அகுஸ்தீன். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ‘கடவுளின் நகரம்’ நூலின் பதினான்காம் பகுதியில், கையும் காலும் மனத்துக்குக் கீழ்ப்படியும்போது இந்த உறுப்பு மட்டும் ஏன் கீழ்ப்படிவதில்லை என்று கேட்கிறார். வேண்டாதபோது எழுகிறது, வேண்டும்போது, மனம் கொதித்துக்கொண்டிருந்தாலும், உடல் குளிர்ந்து கிடக்கிறது. ஆதி மனிதன் கடவுளுக்குக் கீழ்ப்படியாததன் விளைவாகவே மனிதனுக்கு அவன் உடல் கீழ்ப்படியவில்லை என்பது அவர் விடை. பாவம் செய்யாதிருந்தால் இந்த உறுப்பும் விருப்பத்தின் ஏவலுக்கு அசைந்திருக்கும் என்றும் கருதினார். இந்தக் கருத்து நோயாளியின் குற்ற உணர்வுக்குத் தீனியாகலாம். ஆனால் அகுஸ்தீன் பேசுவது மனித குலம் முழுவதன் நிலையை. இயலாமை இன்னாரின் இன்ன பாவத்துக்குக் கூலி என்று அவர் கணக்கு எழுதவில்லை. விறைப்புள்ளவரும் இல்லாதவரும் அந்தக் குறைபாட்டில் ஒன்றே.

ஒருவரின் வலிக்கு அவருடைய பாவத்தைக் காரணம் காட்டும் பழக்கத்தை நேருக்கு நேர் எதிர்த்து நிற்கும் நூல் விவிலியத்தின் யோபு. செல்வத்தையும் மக்களையும் இழந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை புண்ணாகி, சாம்பலில் உட்கார்ந்து ஓட்டுச்சில்லால் சுரண்டிக்கொண்டிருக்கிறார் யோபு. பார்க்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாய் திறந்த பின்புதான் தவறுகிறார்கள். நீ ஏதோ செய்திருக்க வேண்டும், கடவுள் காரணமின்றி அடிக்கமாட்டார் என்று திரும்பத் திரும்ப வாதிடுகிறார்கள். யோபுவோ தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். கடவுளையே வழக்குக்கு அழைக்கிறார். பணிவானது என்று சொல்லத்தக்க பேச்சே அதில் குறைவு. ஆனால் முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல் திரும்புகிறது. தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவர் யோபு என்கிறார். வலியை நியாயப்படுத்திய பக்திமான்களைவிட வலிக்கிறது என்று அரற்றியவர் உண்மைக்கு அருகில் இருந்தார் என்பது அந்த நூலின் துணிச்சலான முடிவு.

குர்ஆனில் இதே மனிதர் அய்யூப் நபி. இஸ்லாமிய மரபில் பொறுமைக்கு அவரே அடையாளம். அந்தப் பொறுமை வாய் மூடிய பொறுமை அன்று. துன்பம் தம்மைத் தீண்டிவிட்டது என்று அவர் இறைவனிடம் முறையிடுவதை இருபத்தோராம் அத்தியாயம் சொல்கிறது. இறைவன் அந்த முறையீட்டை ஏற்றுத் துன்பத்தை நீக்குகிறான். முறையிட்டதால் பொறுமை கெட்டுவிடவில்லை. வலியைச் சொல்வதும் வலியைத் தாங்குவதும் ஒரே மனிதரிடம் ஒன்றாக இருக்கமுடியும். நம் வீடுகளில் ஆணுக்குக் கற்பிக்கப்படும் பொறுமையோ வேறு மாதிரியானது. வலியைக் காட்டாதே என்பதுதான் அது. அதைச் சமயத்தின் பேரில் கேட்பதற்கு ஆதாரம் குறைவு.

கர்ம வினையைச் சொல்வோருக்கும் சரகரிடம் ஒரு விடை உண்டு. ஊழும் முயற்சியும் ஆகிய இரண்டில் வலுவானது மற்றதை வெல்லும் என்பது சரக சம்ஹிதையின் விமானஸ்தானம் என்ற பகுதியில் அவர் எடுக்கும் நிலை. எல்லாம் முன்னமே முடிவானது என்றால் மருந்துக்கே வேலை இல்லை என்பதை மருத்துவரான அவர் தெளிவாக உணர்ந்திருந்தார்.

இத்தனையும் ஏற்றுக்கொண்ட பிறகும் வலி அங்கேயே இருக்கும். தொற்று இல்லை, கருவி சரியாக உள்ளது என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகும் ஓர் உறுத்தல் மிஞ்சலாம். இங்கே உதவுவது பௌத்தம். அம்பு ஒன்று தைத்தவன்மேல் இரண்டாவது அம்பும் தைப்பதைப் பற்றிச் சம்யுத்த நிகாயத்தின் ஒரு சூத்திரம் பேசுகிறது. முதல் அம்பு உடல் வலி. அது ஞானிக்கும் உண்டு. அதைப் பற்றிய புலம்பலும் வெறுப்பும் அச்சமும் இரண்டாவது அம்பு. பயிற்சி பெற்றவன்மேல் அது தைப்பதில்லை. உள்வைப்பு நோயாளியிடம் இரண்டாவது அம்பை எளிதாக இனம் காணலாம். இது நிற்கவே நிற்காது, தவறு செய்துவிட்டேன், மனைவி என்னை என்ன நினைப்பாள் என்று இரவு முழுதும் ஓடும் எண்ணங்கள் அவை. மணிக்கொருமுறை தொட்டுப் பார்ப்பதும் அதைச் சேர்ந்ததுதான். உறுத்தல் ஒரு நிமிடம் இருந்தால் அதைப் பற்றிய கவலை ஒரு மணி நேரம் நிற்கிறது.

இதை வலியெல்லாம் மனத்தில்தான் என்று சுருக்கிவிடக் கூடாது. அப்படிச் சொன்னால் முதல் அம்பையே மறுத்ததாகும். புத்தரே முதுகு வலியால் அவதிப்பட்டவர். முதுகு நோகிறது, சற்றுப் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, உபதேசத்தைத் தொடரும் பொறுப்பைத் தம் சீடர்களான சாரிபுத்தரிடமோ ஆனந்தரிடமோ அவர் ஒப்படைத்ததாகப் பாலி நூல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பதிவு செய்கின்றன. விழிப்படைந்தவருக்கும் முதுகு நோகும். நொந்தால் அவர் படுத்துக்கொள்வார். அதில் அவமானம் எதுவும் இல்லை. பகவத்கீதையின் இரண்டாம் அத்தியாயமும் குளிர், வெப்பம், இன்பம், துன்பம் ஆகியவை வந்து போகும், அவற்றைப் பொறுத்துக்கொள் என்கிறது. போகக்கூடியதற்கே அங்கே பொறுமை கேட்கப்படுகிறது. போக்கக்கூடியதைப் போக்காமல் இருக்கச் சொல்லவில்லை.

தற்கால மருத்துவத்திலும் இந்தப் பகுப்புக்கு இணையான ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் எரிக் கேசல் 1982இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் வலி வேறு, துன்பம் வேறு என்று பிரித்தார். வலிப்பது உடல், துன்புறுவது முழு மனிதர். தாம் யார் என்ற எண்ணம் சிதையும் என்று அஞ்சும்போது சிறு வலியும் பெருந்துன்பமாகும் என்பது அவர் வாதம். ஆண்மையைத் திரும்பப் பெறவே இந்த அறுவைக்குப் போனவருக்கு, அதே இடத்தில் தொடரும் வலி தாம் இனி யார் என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்புகிறது. வலி மாத்திரையால் மட்டும் அதற்கு விடை தரமுடியாது.

உள்ளே இருக்கும் பொருள் ‘நான்’ ஆகுமா என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ழான்-லுக் நான்சி மாற்று இதயம் பொருத்தப்பட்டவர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த சிறு நூலில் அந்த அனுபவத்தை ஆராய்ந்த அவர், புதிய இதயத்துக்கு முன்பே தம் சொந்த இதயம் பழுதானபோதே தமக்கு அந்நியமாகிவிட்டதைக் கவனித்தார். உள்வைப்பிலும் அதுவே நடக்கிறது. கருவி வந்துதான் உடல் அந்நியமானது என்று எண்ணுபவர், அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் தம் உறுப்பே தமக்குச் சொல் கேட்காத ஒன்றாக இருந்ததை மறந்துவிடுகிறார். பார்வையற்றவரின் கைத்தடி பழக்கத்தால் பொருளாக இல்லாமல் அவருடைய தொடு உணர்வின் நீட்சியாகிவிடுகிறது என்று மற்றொரு பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மெர்லோ-போந்தி 1945இல் எழுதினார். பம்பும் பலருக்கு மாதங்கள் செல்லச் செல்ல அப்படித்தான் நினைவிலிருந்து மறைகிறது. வலி அந்த மறைவைத் தடுக்கிறது. ஒவ்வொரு முறை உட்காரும்போதும் இங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று நினைவூட்டுகிறது. ஆகவே பழகுவதற்குக் காலம் தரவேண்டும் என்பது இங்கே ஆறுதலுக்காகச் சொல்லும் சொல் அன்று. உடல் தனக்குள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளும் முறையே அதுதான்.

வலியை வெளியே காட்டமுடியாது என்பது தத்துவத்தின் பழைய சிக்கல். ஒவ்வொருவரும் தம் பெட்டிக்குள் மட்டும் பார்க்கமுடிகிற வண்டு என்ற உவமையால் தத்துவ அறிஞர் விட்கென்ஸ்டைன் அதை ஆராய்ந்தார். இந்த அறுவையில் அந்தச் சிக்கலோடு கூச்சமும் சேர்கிறது. கால் முறிந்தவரைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் பழம் வாங்கிக்கொண்டு வருவார்கள். இவரோ தம்பியிடமும் சொல்லமுடியாது, மகனிடமும் சொல்லமுடியாது. குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லிவிட்டு அறைக்குள் படுத்திருப்பவரை நாம் குறை சொல்ல முடியாது. உறவினருக்கு அந்த விவரத்தைக் கேட்கும் உரிமை இல்லை. ஆனால் இரண்டு பேரிடம் அந்த மறைப்பு செல்லாது. ஒருவர் அறுவை செய்த மருத்துவர், மற்றவர் மனைவி. கணவனின் முகச்சுளிப்பைக் கண்டு தன்மேல் வெறுப்போ என்று குழம்பும் மனைவிக்கு, நோகிறது என்ற ஒற்றைச் சொல் பெரிய தெளிவைத் தரும். அவளுக்கும் இதில் சொல்வதற்கு இருக்கும். அவளுக்கு இந்த அறுவை வேண்டியிருந்ததா என்பதே சில வீடுகளில் கேட்கப்படாத கேள்வி.

இறுதியாக வருந்துதல். வலி ஓயாதபோது, செய்திருக்கவே கூடாது என்ற எண்ணம் வரும். ஒரு முடிவு சரியா தவறா என்பதை அதை எடுத்த நாளில் தெரிந்திருந்தவற்றைக் கொண்டே அளக்கவேண்டும். ஆபத்துகளைக் கேட்டறிந்து, வேறு வழிகளை முயன்று பார்த்து, மனைவியோடு பேசி எடுத்த முடிவு, பின்னால் வலித்தாலும் தவறான முடிவு ஆகிவிடாது. அவை எதுவும் சொல்லப்படாமல் எடுக்கப்பட்டிருந்தால் அந்தப் பொறுப்பு சொல்லாதவர்மேலும் விழும். விளைவுக்காக வருந்துவதும் குற்றத்துக்காக வருந்துவதும் வெவ்வேறு. முதலாவது இயல்பு, இரண்டாவதற்கு முதலில் ஒரு குற்றம் இருக்கவேண்டும்.

கருவியை எடுத்துவிடலாமா என்ற கேள்வியும் அங்கிருந்தே வருகிறது. தொற்று உறுதியானால் எடுக்கவேண்டும். பல இடங்களில் அந்தப் பகுதியைக் கழுவிச் சுத்தம் செய்து அதே அறுவையில் புதியதைப் பொருத்துகிறார்கள். அளவு தவறாக இருந்தால் மாற்றலாம். இவை மருத்துவக் காரணங்கள், இவற்றில் தயக்கத்துக்கு இடமில்லை. காரணம் எதுவும் தெரியாத வலிக்கு முடிவு கடினம். எடுத்தாலும் வலி போகும் என்ற உறுதி இல்லை. இயற்கையான விறைப்பும் பெரும்பாலும் திரும்பாது. அந்த இடம் தழும்பேறிச் சுருங்கிய பின் மறுபடி பொருத்துவதும் கடினமாகும். அதனால் நரம்பு வலிக்கான மருந்து, வலி மருத்துவரின் ஆலோசனை, வேறொரு சிறுநீரக அறுவை மருத்துவரின் கருத்து ஆகியவற்றுக்குப் பின்னரே அந்த முடிவுக்கு வருவது முறை. அப்படி வந்தவர் எடுத்துவிடத் தீர்மானித்தால், அது முதல் முடிவை எடுத்த அதே உரிமையால் எடுக்கப்படும் முடிவு. வைத்துக்கொண்டு வாழத் தீர்மானித்தாலும் அப்படியே.